பிரைமர் சரியாக உட்காராவிட்டால்: வீட்டில் தோட்டா நிரப்புவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எனக்கு ஊர் வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டை. வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருந்திருப்பார் என்று சொல்லப்படும் ஊர். நானும் ராணுவத்தின் கருவிகளைப் பராமரிக்கும் ஈ.எம்.ஈ. பிரிவில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பிரித்துப் பழுது பார்ப்பவனாக, வேலை செய்து ஓய்வு பெற்றவன். என் அக்கா மகன் டெக்ஸாஸில் இருக்கிறான். அங்கே துப்பாக்கி சுடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள், சுட்ட தோட்டாவின் பித்தளை உறையை எடுத்து வந்து, வீட்டிலேயே மறுபடியும் நிரப்பிக்கொள்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கு அப்படிச் செய்வதை அந்த நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது. உறையின் அடியில் தீயைத் தொடங்கும் சின்னக் கிண்ணம்தான் பிரைமர். சுட்ட பிரைமரை எடுத்துவிட்டு, புதியதை அழுத்தி வைத்து, வெடிமருந்து கொட்டி, மேலே குண்டைப் பொருத்துவார்கள். இதற்குப் பயன்படும் கைப்பிடி வைத்த அழுத்தும் கருவியைப் பிரஸ் என்பார்கள்.

நான் அவன் வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு மாலை, நிரப்பி முடித்த தோட்டா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "மாமா, பிரைமர் கொஞ்சம் வெளியே நிற்கிறது. இன்னும் ஒரு அழுத்து அழுத்தினால் உட்கார்ந்துவிடும்" என்று பிரஸ்ஸின் கைப்பிடியைப் பிடித்தான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே மருந்து இருக்கிறது, மேலே குண்டு இருக்கிறது, கீழே பிரைமர் இருக்கிறது. அதை இரும்பால் அழுத்தப் போகிறான். அன்று இரவு அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். அமெரிக்காவிலும் இதற்குச் சட்டம் இடம் தரும் மற்ற நாடுகளிலும் இந்தப் பழக்கம் உள்ள தமிழர்களுக்கு இது பயன்பட வேண்டும்.

முதலில் நம் ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதை 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, 25ஆம் பிரிவின் கீழ் இதற்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. ஆகவே வேலூரிலோ ராணிப்பேட்டையிலோ உட்கார்ந்துகொண்டு யாரும் இதை முயன்று பார்க்க வேண்டாம். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய தோட்டாக்கள் கிடைத்தால், அவற்றைத் தட்டிப் பார்க்காமல், பிரிக்காமல், பக்கத்துக் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள்.

பிரைமருக்குள் என்ன இருக்கிறது

நாட்டுத் துப்பாக்கியைப் பார்த்துப் பழகியவர்களுக்குக் கேப்பு என்றால் என்னவென்று தெரியும். பிரைமர் அதன் வாரிசு. பிள்ளைகள் தீபாவளிக்கு வெடிக்கும் பொட்டு வெடிக்கும் இதற்கும் தத்துவம் ஒன்றுதான்: நசுக்கினால் தீப்பிடிக்கும். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது அவர்கள் கையில் இருந்தவை சிக்கிமுக்கிக் கல் பொருத்திய துப்பாக்கிகள். கல் இரும்பில் உரசி, பொறி பறந்து, கிண்ணத்தில் கொட்டிவைத்த மருந்தில் விழுந்தால்தான் வெடிக்கும். அதற்கு அடுத்த ஆண்டு, 1807இல், ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் அடியால் தீப்பிடிக்கும் இரசாயனத்தைத் துப்பாக்கியில் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய பிரைமர் அந்த வழியில் வந்தது.

இப்போது வீட்டில் நிரப்புவோர் பயன்படுத்துவது பெரும்பாலும் பாக்சர் வகை. எட்வர்ட் பாக்சர் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியின் பெயர் அது. இதில் மூன்று பாகங்கள். வெளியே மெல்லிய உலோகக் கிண்ணம். அதனுள் லெட் ஸ்டிஃப்னேட் முதலியவை சேர்ந்த வெடிக் கலவை. அதன் மேல் கால் முளைத்த சின்ன உலோகத் துண்டு ஒன்று. அதைப் பட்டடை என்றே சொல்கிறேன், ஏனென்றால் கொல்லன் பட்டடை செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது. துப்பாக்கி ஊசி கிண்ணத்தின் முதுகில் அடிக்கும்போது, கலவை கிண்ணத்துக்கும் பட்டடைக்கும் நடுவில் நசுங்கித் தீப்பிடிக்கிறது. அந்தத் தீ உறையின் அடியில் உள்ள துளை வழியாக மருந்துக்குப் போகிறது.

பட்டடை அசையக் கூடாது என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. அதன் கால்கள் பிரைமர் குழியின் தரையில் உறுதியாக ஊன்றியிருக்க வேண்டும். ஊன்றாமல் அந்தரத்தில் நின்றால், ஊசியின் அடி கலவையை நசுக்குவதற்குப் பதிலாகப் பிரைமரையே உள்ளே தள்ளிவிடும். முதல் அடியில் வெடிக்காது. அந்த அடியிலேயே பிரைமர் சரியாக உட்கார்ந்துகொள்வதால், இரண்டாவது அடியில் வெடிக்கும். "முதல் தடவை சுடவில்லை, மறுபடி இழுத்தேன், சுட்டது" என்று யாராவது சொன்னால், அவர் பிரைமரைப் பாதியிலேயே விட்டிருக்கிறார் என்று நான் முதலில் சந்தேகப்படுவேன்.

இதைவிட மோசமான விளைவும் உண்டு. எம்1 கேரண்ட், ஏ.ஆர்.15 போன்ற தானியங்கி ஏற்றம் உள்ள துப்பாக்கிகளில் ஊசியைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங் கிடையாது. குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட் என்ற பாகம் மூடும் வேகத்தில் ஊசி தானாகவே முன்னால் ஓடி பிரைமரை லேசாகத் தொடும். பிரைமர் வெளியே துருத்திக்கொண்டிருந்தால், யாரும் விசையை இழுக்காமலேயே குண்டு புறப்பட்டுவிடக் கூடும். ரிவால்வரில் துருத்திய பிரைமர் உருளையைச் சுற்றவிடாமல் உரசும்.

எவ்வளவு உள்ளே போக வேண்டும்

பிரைமரின் முதுகு உறையின் அடிப்பரப்புக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். நிரப்புவோர் பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு 0.003 முதல் 0.005 அங்குலம் வரை, மில்லிமீட்டரில் 0.08 முதல் 0.13. ஏறத்தாழ ஒரு தலைமுடியின் பருமன். டெப்த் அளவு எடுக்கும் காலிப்பர் இருந்தால் அளக்கலாம். இல்லாவிட்டால், பிரைமர் வைத்த வெற்று உறையைச் சமமான கண்ணாடித் தகட்டின் மேல் நிறுத்துங்கள். ஆடினால் பிரைமர் துருத்துகிறது. பிறகு சுட்டுவிரல் நுனியை அடிப்பக்கத்தின் மேல் மெதுவாக ஓட்டுங்கள். சரியாக உட்கார்ந்த பிரைமர் விரலுக்குச் சின்னப் பள்ளமாகத் தெரியும். கண்ணைவிட விரல் இதில் நம்பகமானது. நான் ஒவ்வொரு உறையையும் விரலால் தடவிப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகச் சொல்ல மாட்டேன்.

எந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தீர்கள்?

தவறு எப்படிப்பட்டது என்பதற்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். உறைக்குள் மருந்து இல்லை, குண்டு இல்லை என்றால், வெடித்தாலும் அது பிரைமரோடு முடிந்துவிடும். அதுவே கண்ணைப் பறிக்கப் போதும் என்றாலும், கண்ணாடி அணிந்திருந்தால் தப்பிக்கலாம். மருந்தும் குண்டும் ஏறிய பிறகு அதே பிழை வேறு ஜாதி. துப்பாக்கிக் குழலுக்குள் வெடிக்கும்போது சுற்றிலும் எஃகு பிடித்துக்கொள்கிறது. பிரஸ்ஸில் வெடித்தால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. பித்தளை உறையே கிழிந்து துண்டுகளாகப் பறக்கும். ஆகவே மருந்து ஏறிய உறையில் பிரைமரை இன்னும் உள்ளே தள்ளக் கூடாது. எவ்வளவு லேசாக என்றாலும் கூடாது. இதற்கு விலக்கே கிடையாது.

திருத்தத் தொடங்கும் முன்

பக்கவாட்டிலும் மறைக்கும் பாலிகார்பனேட் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். காதுக்கும் அடைப்பான் வையுங்கள். ஒரே ஒரு பிரைமர் அறைக்குள் வெடிக்கும் சத்தம் நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது.

அடுத்து மேஜையைக் காலி செய்யுங்கள். மருந்து டப்பா மூடப்பட்டு வேறு இடத்துக்குப் போக வேண்டும். மீதிப் பிரைமர்கள் அவற்றின் சொந்தப் பெட்டிக்குள் திரும்பிப் போய், அந்தப் பெட்டியும் மேஜையிலிருந்து விலக வேண்டும். பிரைமர்களை ஒன்றோடொன்று தொடாதபடி தனித்தனியாக வைத்து அடைப்பதற்குக் காரணம் உண்டு: ஒன்று வெடித்தால் மற்றவை சேர்ந்து வெடிக்கக் கூடாது. அவற்றைக் கொட்டி ஊறுகாய் பாட்டிலில் சேர்த்து வைத்தால் அது ஒரு கைக்குண்டுக்குச் சமம். என் மருமகன் அப்படி ஒரு பாட்டில் வைத்திருந்தான். அன்றைக்கே அதை அப்புறப்படுத்தச் சொன்னேன்.

அறையில் பிள்ளைகள் இருக்கக் கூடாது. தொலைபேசியும் வேண்டாம். உறையின் அடிப்பக்கத்துக்கு நேர்கோட்டில் உங்கள் முகமோ கையோ இருக்கக் கூடாது.

வெற்று உறையில் பிரைமர் துருத்தினால்

இதுதான் அதிகம் நடப்பது, திருத்தவும் எளிது. பிரஸ்ஸைவிடக் கையால் அழுத்தும் பிரைமிங் கருவி இதற்கு நல்லது. பிரஸ்ஸின் நீண்ட கைப்பிடியில் நாம் எவ்வளவு பலம் கொடுக்கிறோம் என்று கைக்குத் தெரியாது. சின்னக் கருவியில் தெரியும். உறையைக் கருவியில் பொருத்தி, ஒரே சீராக, மெதுவாக அழுத்துங்கள். குத்தாதீர்கள், தட்டாதீர்கள். பிரைமரை வெடிக்க வைப்பது திடீர் அடி. நிதானமான அழுத்தத்தில் ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் போய்விடவில்லை. கால்கள் தரையில் ஊன்றும்போது கைக்கு ஒரு நிறுத்தம் தெரியும். அத்தோடு விட்டுவிடுங்கள்.

ஒரு தடவை அழுத்தியும் அசையவில்லை என்றால் இரண்டாவது தடவை பலத்தைக் கூட்ட வேண்டாம். பலம் குறைந்ததால் அது நிற்கவில்லை, ஏதோ தடுக்கிறது. என்ன தடுக்கிறது என்பதைக் கீழே சொல்கிறேன். அந்த உறையைத் தனியே எடுத்து வையுங்கள்.

கோணலாக, தலைகீழாக, நசுங்கிப் போய்

பிரைமர் சரிந்து பக்கவாட்டில் சிக்கிக்கொள்வதும் உண்டு, பட்டடை வெளியே தெரியும்படி கவிழ்ந்து போவதும் உண்டு. விளிம்பு மடிந்து, கிண்ணம் சப்பையாகிவிடுவதும் உண்டு. இவை மூன்றிலும் பிரைமர் கெட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே எடுத்தாலும் அதை மறுபடியும் பயன்படுத்தக் கூடாது, ஏனென்றால் உள்ளே கலவை விரிசல் விட்டிருக்கலாம், பட்டடை இடம் மாறியிருக்கலாம்.

உயிருள்ள, அதாவது இன்னும் வெடிக்காத, பிரைமரை ஊசியால் குத்தி வெளியே தள்ளுவதைப் பலரும் சர்வ சாதாரணமாகச் செய்கிறார்கள். மெதுவாகத் தள்ளினால் பெரும்பாலும் வெடிப்பதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர் சங்கத்தின் அறிவுரை நேர் எதிரானது: உயிருள்ள பிரைமரைத் தள்ளி எடுக்காதே, அதற்குரிய துப்பாக்கியில் வைத்துச் சுட்டுவிட்டுப் பிறகு எடு. என் கட்சியும் அதுவே. ராணுவத்தில் வெடிக்காத தோட்டாவை நாங்கள் திருத்தியதே இல்லை. எண்ணி, எழுதி, உரியவரிடம் ஒப்படைப்போம். அந்தப் பழக்கம் எனக்குள் ஊறியிருக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். மருந்தும் குண்டும் இல்லாத உறை என்பதை வாய்ப்பக்கம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அது துப்பாக்கிக்குள் தடையின்றி நுழைகிறதென்றால், சுடும் திடலுக்கு எடுத்துப் போய், குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, அந்தப் பிரைமரை மட்டும் சுடுங்கள். போல்ட்டைக் கையால் தள்ளிப் பூட்டும் துப்பாக்கி இதற்கு உகந்தது. ரிவால்வரில் செய்தால், அழுத்தம் இல்லாததால் பிரைமர் பின்னால் நகர்ந்து உருளையைப் பூட்டிவிடும் வாய்ப்பு உண்டு. கவிழ்ந்த பிரைமர் ஊசி அடித்தாலும் வெடிக்காமல் போகலாம். அப்போது உடனே திறக்காதீர்கள். குழலைத் திசை மாற்றாமல் 30 விநாடி காத்திருங்கள். சில சமயம் தீ தாமதமாகப் பிடிக்கும்.

சிக்கிய பிரைமர் துருத்திக்கொண்டு உறை உள்ளேயே போகாவிட்டால்? பலவந்தமாக நுழைக்க வேண்டாம். அந்த உறையைப் பிரைமரோடு சேர்த்தே கைவிட்டுவிடுங்கள். பெயர் எழுதிய சின்ன டப்பாவில் தனியே வைத்து, சுடும் திடலில் கெட்ட தோட்டாக்களைப் பெற்றுக்கொள்ளும் இடம் இருந்தால் அங்கே கொடுங்கள். இல்லாவிட்டால் உள்ளூர் காவல் துறையிடம் கேளுங்கள். எண்ணெயில் ஊறப்போட்டால் செத்துவிடும் என்று நம்பி வீட்டுக் குப்பையில் போடாதீர்கள். எண்ணெயும் தண்ணீரும் பிரைமரைக் கட்டாயம் கொல்லும் என்பது பொய். காய்ந்த பிறகு உயிர் பிழைத்த பிரைமர்கள் உண்டு. ஒரு பித்தளை உறையைக் காப்பாற்றப் போய்க் கண்ணைப் பணயம் வைப்பானேன்?

நிரப்பி முடித்த தோட்டாவில் கண்டுபிடித்தால்

என் மருமகன் கையில் இருந்தது இதுதான். இங்கே திருத்தம் என்று ஒன்றும் இல்லை, பிரிப்பது மட்டும்தான். குண்டை வெளியே எடுக்க இரண்டு கருவிகள் விற்கிறார்கள். ஒன்று சுத்தியல் வடிவில் இருக்கும்; அதற்குள் தோட்டாவை வைத்துத் தரையில் ஓங்கி அடிக்க வேண்டும். துருத்திய பிரைமர் உள்ள தோட்டாவை இதற்குள் வைத்து அடிக்காதீர்கள். இரண்டாவது, பிரஸ்ஸில் பொருத்தி, காலட் என்ற இறுக்கி குண்டை மேலே பிடித்துக்கொள்ள, உறையைக் கீழே இழுக்கும் வகை. இதில் அடி இல்லை, இழுப்பு மட்டும். இதையே பயன்படுத்துங்கள். ஒரு நிபந்தனை: உறையின் அடி, அதைப் பிடித்துக்கொள்ளும் ஷெல் ஹோல்டர் என்ற பாகத்துக்குள், பிரைமர் எதிலும் உரசாமல் நுழைய வேண்டும். உரசினால் நிறுத்திவிட்டு, அந்தத் தோட்டாவைத் துப்பாக்கிப் பழுது பார்க்கும் உரிமம் பெற்றவரிடம் கொடுங்கள்.

குண்டு வெளியே வந்ததும் மருந்தைத் தனியே கொட்டி, எந்த மருந்து என்று சந்தேகமே இல்லாவிட்டால் மட்டும் அதற்குரிய டப்பாவில் சேருங்கள். துளி சந்தேகம் இருந்தாலும் சேர்க்க வேண்டாம். இப்போது உங்கள் கையில் இருப்பது பிரைமர் வைத்த வெற்று உறை. மேலே சொன்ன வழிக்குத் திரும்பி வாருங்கள்.

பல நிலைகள் கொண்ட பிரஸ் அடைத்துக்கொண்டால்

ஒரே இழுப்பில் ஐந்தாறு உறைகளில் ஐந்தாறு வேலைகள் நடக்கும் பிரஸ்ஸில் பிரைமர்கள் ஒரு குழாயில் வரிசையாக, பெரும்பாலும் 100 வரை, அடுக்கப்பட்டிருக்கும். இதன் கைப்பிடி கனத்துப் போனால் வலிந்து இழுக்கவே கூடாது. அடியில் ஒரு பிரைமர் நசுங்கி வெடித்தால் அந்தத் தீ குழாய் முழுவதற்கும் ஏறலாம். முதலில் பிரைமர் குழாயைக் கழற்றி அப்பால் வையுங்கள். அடுத்து மருந்து ஏறிய உறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள். இந்த இரண்டும் போன பிறகுதான் சிக்கியது எது என்று குனிந்து பார்க்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் இந்த வகைப் பிரஸ்ஸை வாங்கவே கூடாது என்பது என் எண்ணம். ஒன்று ஒன்றாகச் செய்து ஓராண்டு கை பழகட்டும்.

ஏன் உட்காரவில்லை

குழியின் தரையில் பழைய கரி படிந்திருந்தால் பிரைமர் அதன் மேல் நின்றுவிடும். சின்ன பிரஷ்ஷோ சுரண்டும் கருவியோ வைத்து இரண்டு சுற்று சுற்றினால் போதும்.

ராணுவ உறைகள் வேறு கதை. 5.56, 7.62 அளவு ராணுவத் தோட்டாக்களில் பிரைமர் நழுவிவிடாமல் இருக்கக் குழியின் விளிம்பைச் சுற்றிப் பித்தளையை நசுக்கி இறுக்கியிருப்பார்கள். இதைக் கிரிம்ப் என்பார்கள். பழைய பிரைமரை எடுத்த பிறகும் அந்த விளிம்பு உள்பக்கமாக மடிந்தே இருக்கும். புதுப் பிரைமர் அதில் மோதி நசுங்கும். வட்டத்துக்குள் சிலுவை போட்ட நேட்டோ முத்திரை அடியில் இருந்தால் இதை எதிர்பாருங்கள். விளிம்பை அழுத்தி விரிக்கவும் சீவி எடுக்கவும் தனிக் கருவிகள் உண்டு. கத்தியால் சீவாதீர்கள், குழி பெரிதாகிவிடும்.

அளவு மாறிப்போவது அடுத்த காரணம். சிறிய பிரைமரின் விட்டம் 0.175 அங்குலம், பெரியது 0.210. பாயிண்ட் 45 ஏ.சி.பி. என்ற பிஸ்டல் தோட்டாவின் உறைகள் இரண்டு அளவுக் குழியிலும் வருகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும். பெரிய பிரைமருக்கு அமைத்த பிரஸ்ஸில் சிறிய குழி உறை ஒன்று நுழைந்தால் நசுங்கல் உறுதி. விட்டம் ஒன்றாக இருந்தாலும், பெரிய ரைஃபிள் பிரைமர் பெரிய பிஸ்டல் பிரைமரைவிட உயரமானது. பிஸ்டல் குழியில் வைத்தால் துருத்தும். உறைகளை முன்கூட்டியே அளவு பார்த்துப் பிரித்து வைப்பதைவிட இதற்கு வேறு வழி இல்லை.

பெர்டன் என்ற இன்னொரு வகை உறையின் தரையில் நடுவில் ஒரு துளைக்குப் பதிலாக இரண்டு சிறு துளைகள் இருக்கும், பட்டடை உறையிலேயே இருக்கும். அதில் பாக்சர் பிரைமர் உட்காராது. உறைக்குள் டார்ச் அடித்துப் பார்த்து இவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

எதிர்ப்பக்கப் பிழையையும் சொல்லிவிடுகிறேன். பிரைமர் வெண்ணெயில் விரல் விட்டதுபோல வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் மகிழ வேண்டாம். பலமுறை சுட்டதில், அல்லது அளவுக்கு மீறிய மருந்தில், குழி விரிந்துவிட்டது. அந்த உறையின் ஆயுள் முடிந்தது. அதை இடுக்கியால் நசுக்கி, யாரும் மறுபடி எடுக்காதபடி செய்யுங்கள். அதற்கு முன் அதிலுள்ள பிரைமரைச் சுட்டுவிட வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

வைத்திருப்பதும் கழுவுவதும்

வேலூர்க் கத்திரி வெயிலில் பூட்டிய காருக்குள் கை வைத்தவர்களுக்கு வெப்பம் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. டெக்ஸாஸ் கோடையும் அதற்குச் சளைத்ததல்ல. பிரைமர்களைக் காரிலும், தகரக் கூரைக் கொட்டகையிலும் வைக்காதீர்கள். உலர்ந்த, குளிர்ந்த அலமாரியில், சொந்தப் பெட்டியில், பூட்டி வையுங்கள். அமெரிக்கத் தீத்தடுப்பு விதிகளில் ஒரு வீட்டுக்கு 10,000 பிரைமர் என்பது உச்ச வரம்பு. அதற்கு மிகக் குறைவாகவே வாங்குங்கள்.

பிரைமர் கலவையில் ஈயம் இருக்கிறது. சுட்ட பிரைமர் குழியைச் சுரண்டும்போது பறக்கும் தூசியிலும் இருக்கிறது. மேஜையை ஈரத் துணியால் துடையுங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி காற்றில் ஏறும். வேலை நடுவே காபி, பலகாரம் எதுவும் வேண்டாம். என் மருமகனுக்கு நாலு வயதில் ஒரு மகள். அவன் கதவைத் திறந்ததும் ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொள்வாள். இப்போதெல்லாம் அவன் முதலில் சட்டையைக் கழற்றித் தனிக் கூடையில் போடுகிறான். குளிர்ந்த தண்ணீரிலும் சோப்பிலும் முழங்கை வரை கழுவுகிறான். அதுவரை அவள் குளியலறை வாசலில் காத்திருக்கிறாள்.